தினசரி ஃபேன்டசி விளையாட்டுகள்: சாதாரண ஆட்டக்காரருக்கு இலாபம் கிடைத்ததா?

தினசரி ஃபேன்டசி விளையாட்டு என்பது, உண்மையான போட்டிகளில் ஆடும் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி ஒன்றை அமைத்து, அவ்வீரர்கள் களத்தில் காட்டும் ஆட்டத்துக்கேற்பப் புள்ளிகள் பெற்று, பிறருடைய கற்பனை அணிகளோடு போட்டியிடும் இணைய விளையாட்டு ஆகும். போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். சேர்ந்த கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மீதி வென்றவர்களுக்குப் பரிசாகப் போகும். ஒரு நாளிலோ ஓரிரு நாள்களிலோ முடிவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 2009-க்குப் பிறகு பரவிய இவ்விளையாட்டு, சில ஆண்டுகளிலேயே இந்தியாவில் கிரிக்கெட் வழியாகக் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. “விளையாட்டு அறிவு உள்ள எவரும் பணம் ஈட்டலாம்” என்பதே இதன் விளம்பரங்களின் மையக் கருத்து. அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு உண்மையாயிற்று என்பதை இவ்விளையாட்டின் வரலாற்றோடு சேர்த்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்: நண்பர்களுக்குள் ஆடிய ஆட்டம்

1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் வில்லியம் காம்சன், பேஸ்பால் வீரர்களின் புள்ளிவிவரங்களை வைத்து நண்பர்களோடு ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதற்கு அவர் ‘பேஸ்பால் கருத்தரங்கு’ எனப் பெயரிட்டார். 1962-இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் சிறு பங்குதாரரான பில் விங்கன்பாக், அமெரிக்கக் கால்பந்துக்கு இதுபோன்ற ஒரு விளையாட்டின் விதிகளை வகுத்தார். 1980-இல் பத்திரிகையாளர் டேனியல் ஒக்ரன்ட் நியூயார்க்கில் நண்பர்களைக் கூட்டித் தொடங்கிய பேஸ்பால் ஆட்டம், அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் ‘ரோட்டிசரி லீக்’ என்று அழைக்கப்பட்டது. அவர்களில் பலர் பத்திரிகைத் துறையினர். எனவே ஆட்டத்தின் செய்தி விரைவில் நாடெங்கும் பரவியது.

இந்தப் பழைய வடிவத்துக்கு மூன்று இயல்புகள் இருந்தன. ஆட்டம் ஒரு பருவம் முழுவதும் நீடித்தது. ஆடியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெரும்பாலும் இடைத்தரகர் எவரும் இல்லாததால், போட்ட பணம் முழுவதும் ஆடியவர்களுக்குள்ளேயே சுற்றியது. நம் ஊர்களில் நண்பர்கள் பணம் போட்டுப் பந்தயம் ஆடுவது போன்றதுதான் இது. ஒருவர் இழந்தது இன்னொருவர் கைக்குப் போனது; மொத்தக் கணக்கில் குறைவு இல்லை.

2006-ஆம் ஆண்டுச் சட்டமும் தினசரி வடிவமும்

2006 அக்டோபரில் அமெரிக்கா சட்டவிரோத இணையச் சூதாட்ட அமலாக்கச் சட்டத்தை இயற்றியது. இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் ஃபேன்டசி விளையாட்டுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. பரிசுத் தொகை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். முடிவு ஆடுபவர்களின் அறிவையும் திறமையையும் காட்ட வேண்டும். ஒரே அணியின் வெற்றி தோல்வியையோ ஒரே போட்டியில் ஒரே வீரரின் ஆட்டத்தையோ மட்டும் சார்ந்திருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். பருவம் முழுவதும் ஆடும் பழைய வடிவமே அப்போது பரவலாக இருந்தது. ஆயினும் ஒரே நாளில் முடியும் ஆட்டத்தை அச்சட்டம் வெளிப்படையாக விலக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் புதிய தொழில் முளைத்தது.

2009-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த நைஜல் எக்கல்ஸ் குழுவினர் ஃபேன்டூயல் நிறுவனத்தைத் தொடங்கினர். 2012-இல் ஜேசன் ராபின்ஸ், மேத்யூ காலிஷ், பால் லிபர்மன் ஆகிய மூவர் பாஸ்டனில் டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இதற்கிடையில் 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய பெரிய இணையப் போக்கர் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அந்நாள் போக்கர் உலகில் ‘கறுப்பு வெள்ளி’ எனப்படுகிறது. போக்கரையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் வேறு களம் தேடினர். நிகழ்தகவுக் கணக்கிலும், பணத்தைப் பிரித்து முதலிடுவதிலும், தம்மைவிடக் குறைந்த திறமை உள்ளவரை அடையாளம் காண்பதிலும் பயிற்சி பெற்றிருந்த அவர்களில் ஒரு பகுதியினர் தினசரி ஃபேன்டசிக்கு வந்தனர். சாதாரண இரசிகர் எதிரே அமர்ந்திருந்தவர் இப்போது பக்கத்து வீட்டு நண்பர் அல்லர், முழுநேரத் தொழிலாளி.

கழிவுத் தொகையின் கணக்கு

இடைத்தரகர் நுழைந்ததும் அடிப்படைக் கணக்கே மாறியது. அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாக நுழைவுக் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கழிவாக எடுத்தன. இதன் விளைவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம்.

இருவர் தலா 10 டாலர் செலுத்தி நேருக்கு நேர் ஆடுகிறார்கள். வென்றவருக்கு 18 டாலர். நிறுவனத்துக்கு 2 டாலர். ஒருவர் இப்படி 100 ஆட்டங்கள் ஆடினால் செலவு 1,000 டாலர். சரிபாதியாக 50 ஆட்டங்களில் வென்றால் கையில் வருவது 900 டாலர். 100 டாலர் நட்டம். முதலுக்கு மோசம் இல்லாமல் தப்பிக்கவே அவர் 56 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். அதாவது, தமக்கு நிகரானவர்களோடு ஆடுபவர் நட்டம் அடைவது உறுதி; தம்மைவிடத் தெளிவாகக் குறைந்தவர்களோடு தொடர்ந்து ஆடுபவருக்கே இலாபம்.

ஆட்டத்தின் வேகம் இதைக் கூட்டுகிறது. பருவ ஆட்டத்தில் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் சுற்றும். தினசரி ஆட்டத்தில் அது நாள்தோறும் சுற்றுகிறது. நிகரானவர்களோடு ஆடும் ஒருவர் 100 டாலரை முழுவதுமாக நுழைத்து, திரும்பி வருவதை மீண்டும் மீண்டும் நுழைத்தால், சராசரியாக ஏழு சுற்றில் அது 48 டாலராகக் குறைந்துவிடும். எவரும் ஏமாற்றாமலேயே இது நடக்கும்.

2015: விளம்பரமும் விசாரணையும்

2015 ஜூலையில் ஃபேன்டூயல் 27.5 கோடி டாலரும், டிராஃப்ட்கிங்ஸ் 30 கோடி டாலரும் முதலீடாகத் திரட்டின. அதில் பெரும்பகுதி விளம்பரத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கியபோது தொலைக்காட்சியில் இவ்விரு நிறுவனங்களின் விளம்பரமே ஓயாமல் ஓடியது. சில டாலர் போட்டு இலட்சங்களை வென்ற சாதாரண மனிதர்களின் முகங்கள் அவற்றில் காட்டப்பட்டன. அவர்கள் வென்றது பொய்யன்று. அவர்களைப் போலவே ஆடி இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதே சொல்லப்படாத செய்தி.

அந்த இலையுதிர் காலத்திலேயே சிக்கல் எழுந்தது. எந்த வீரரை எத்தனை பேர் தேர்ந்தெடுத்துள்ளனர் என்ற உள்விவரத்தை டிராஃப்ட்கிங்ஸ் ஊழியர் ஒருவர் உரிய நேரத்துக்கு முன்பே தவறுதலாக வெளியிட்டார். அதே வாரம் அவர் ஃபேன்டூயல் போட்டியில் 3,50,000 டாலர் வென்றதும் தெரியவந்தது. தம் அணியை அமைத்து முடித்த பிறகே அவருக்கு அந்த விவரம் கிடைத்தது என்று நிறுவனம் நடத்திய விசாரணை கூறியது. ஆயினும் பிறர் தேர்வை முன்னரே அறிவது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது பொதுமக்களுக்கு அப்போதுதான் புரிந்தது. பின்னர் இரு நிறுவனங்களும் தம் ஊழியர்கள் பணப் போட்டிகளில் ஆடுவதைத் தடை செய்தன.

2015 அக்டோபரில் நெவாடா மாநிலம் இதைச் சூதாட்டம் என அறிவித்து உரிமம் கோரியது. நவம்பர் 10 அன்று நியூயார்க் தலைமை அரசு வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மன் இரு நிறுவனங்களும் தம் மாநிலத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் எனக் கடிதம் அனுப்பினார்.

யார் வென்றார்கள்?

இக்கேள்விக்கு நம்பிக்கைகளைவிடத் தெளிவான விடை தருபவை அக்காலத்தில் வெளியான இரண்டு கணக்குகள்.

முதலாவது, நியூயார்க் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தின் தரவுப்படியே, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் ஆடியவர்களில் 89.3 விழுக்காட்டினர் நட்டம் அடைந்திருந்தனர்.

இரண்டாவது, 2015-இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஸ்போர்ட்ஸ் பிசினஸ் ஜர்னல் இதழில் வெளியிட்ட ஆய்வு. அந்த ஆண்டு பேஸ்பால் பருவத்தின் முதற்பாதியை அவர்கள் ஆராய்ந்தனர். ஆட்டக்காரர்கள் பெற்ற மொத்த இலாபத்தில் 91 விழுக்காடு வெறும் 1.3 விழுக்காட்டினருக்குப் போயிருந்தது. அதன் விவரம் வருமாறு:

- உச்சியில் இருந்த 11 பேர்: சராசரியாக 20 இலட்சம் டாலர் கட்டணம் செலுத்தி, தலா 1,35,000 டாலர் இலாபம் பெற்றனர்.
- 1.3 விழுக்காட்டில் எஞ்சியோர்: சராசரியாக 9,100 டாலர் செலுத்தி 2,400 டாலர் இலாபம் பெற்றனர்.
- ‘பெரிய மீன்கள்’ எனப்பட்ட 5 விழுக்காட்டினர்: சராசரியாக 3,600 டாலர் செலுத்தி 1,100 டாலர் இழந்தனர். மொத்த நட்டத்தில் 75 விழுக்காடு இவர்களுடையது.
- ‘பொடிமீன்கள்’ எனப்பட்ட 80 விழுக்காட்டினர்: சராசரியாக 49 டாலர் செலுத்தி 25 டாலர் இழந்தனர்.

இக்கணக்கிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, பொடிமீன்கள் இழந்தது நிறுவனத்தின் கழிவால் மட்டும் அன்று. 49 டாலரில் கழிவு ஏறத்தாழ 5 டாலர்தான். மீதி 20 டாலர் அவர்களைவிடத் திறமையாக ஆடியவர்களின் பைக்குப் போயிற்று. அமெரிக்கச் சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரம் சராசரியாக 100 டாலருக்கு 5 டாலரும் சில காசுகளும்தான் எடுக்கும். அதோடு ஒப்பிட, ‘திறமை ஆட்டம்’ சாதாரண ஆட்டக்காரரிடம் பல மடங்கு கடுமையாக நடந்துகொண்டது.

இரண்டு, உண்மையில் பெருந்தொகை இழந்தவர்கள் அவ்வப்போது ஆடிய பொடிமீன்கள் அல்லர். தம்மைத் திறமைசாலி என்று நம்பித் தொடர்ந்து ஆடிய நடுத்தரத்தினர். அரைகுறைத் தேர்ச்சியும் முழு நம்பிக்கையும் சேரும் இடத்தில்தான் நட்டம் மிகுந்தது.

மூன்று, உச்சியில் இருந்தவர்களின் இலாப விகிதமும் நூற்றுக்கு 7 டாலருக்குள்தான். அதே திறமை ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு வாய்த்தாலும், 49 டாலருக்கு அவர் பெறக்கூடியது மூன்று டாலரும் சில்லறையும். இந்தத் தொழிலில் வருமானம் என்பது திறமையால் மட்டும் வருவதன்று. பெருமுதலாலும் ஓயாத எண்ணிக்கையாலும் வருவது.

தொழில்முறை ஆட்டக்காரரின் கருவிகள்

விளையாட்டைப் பற்றிய அறிவில் ஒரு நல்ல இரசிகர் தொழில்முறை ஆட்டக்காரருக்குக் குறைந்தவர் அல்லர். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. அவர்கள் ஒவ்வொரு வீரரின் எதிர்பார்ப்புப் புள்ளியையும் கணினி நிரல் கொண்டு மதிப்பிட்டனர். ஒரே போட்டியில் நூற்றுக்கணக்கான அணிகளை நுழைத்தனர். கடைசி நேரத்தில் ஒரு வீரர் காயத்தால் விலகினால், நிரலின் உதவியால் தம் அணிகள் அனைத்தையும் நொடியில் மாற்றினர். புதியவர்கள் காத்திருக்கும் நேருக்கு நேர் ஆட்டங்களைத் தேடித் தேடிச் சேர்ந்தனர்.

தொடக்க ஆண்டுகளில் சாதாரண ஆட்டக்காரருக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது உண்மை. நிறுவனங்கள் பரிசுத் தொகையை முன்கூட்டியே உறுதி செய்து அறிவித்ததால், போதிய ஆட்கள் சேராத போட்டிகளில் குறையும் தொகையை நிறுவனமே ஏற்றது. அத்தகைய போட்டிகளில் கழிவு இல்லை என்பதோடு, நிறுவனத்தின் பணமும் பரிசில் கலந்திருந்தது. ஆனால் இவ்வாய்ப்பையும் முதலில் கண்டுகொண்டவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களே.

‘திறமை’ என்ற கேடயம்

இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்பதே நீதிமன்றங்களில் எழுந்த வினா. எம்.ஐ.டி. பேராசிரியர் அனெட் ஹோசோய் குழுவினர் ஃபேன்டூயல் தரவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை, ஃபேன்டசி ஆட்டங்களின் முடிவில் திறமைக்குத் தெளிவான பங்கு உண்டு எனக் காட்டியது. ஆராய்ந்த விளையாட்டுகளில் கூடைப்பந்தில் திறமையின் பங்கு மிகுதி; ஐஸ் ஹாக்கி அதிர்ஷ்டத்துக்கு நெருங்கியது.

நிறுவனங்களுக்கு இது வலுவான வாதம். ஆனால் ஆடுபவர் இதை வேறு வகையில் படிக்க வேண்டும். முழுக்க அதிர்ஷ்டத்தால் முடிவாகும் ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. எல்லோரும் கழிவின் அளவுக்கே இழப்பார்கள். திறமை மிகுந்த ஆட்டத்தில் திறமை குறைந்தவர் கழிவையும் இழந்து, அதற்கு மேலும் இழப்பார். ஆக, நீதிமன்றத்தில் நிறுவனத்தைக் காத்த அதே உண்மைதான் சாதாரண ஆட்டக்காரரின் பணத்தைக் கரைத்தது.

கட்டுப்பாடுகள்

2016-இல் மாசசூசெட்ஸ் தலைமை அரசு வழக்கறிஞர் மோரா ஹீலி கொண்டுவந்த விதிகள் இந்த ஏற்றத்தாழ்வை நேரடியாகக் கருத்தில் கொண்டன. 21 வயதுக்குட்பட்டோர் ஆடத் தடை, மாதம் 1,000 டாலர் வைப்பு வரம்பு, புதியவர்களுக்கெனத் தனிப் போட்டிகள், அனுபவம் மிக்கவர்களின் பெயருக்கருகே அடையாளக் குறி, ஒருவர் நுழைக்கும் அணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2016 ஆகஸ்டில் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ இவ்விளையாட்டை முறைப்படுத்தி அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அக்டோபரில், தவறான விளம்பரம் தொடர்பான வழக்குகளை முடித்துக்கொள்ள இரு நிறுவனங்களும் தலா 60 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான 1992-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அதன்பின் இரு நிறுவனங்களும் நேரடிப் பந்தயத் தொழிலில் இறங்கின. தினசரி ஃபேன்டசி அவற்றின் சிறு பகுதியாகச் சுருங்கியது.

இந்தியாவில்

இந்தியாவில் திறமைக்கும் சூதுக்குமான எல்லைக்கோடு பழைய தீர்ப்புகளால் வரையப்பட்டது. 1968-இல் ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் ஃபேன்டசி நிறுவனங்களுக்கு மிகவும் உதவியது இந்தத் தீர்ப்பே.

2008-இல் ஹர்ஷ் ஜெயின், பவித் சேத் இருவரும் தொடங்கிய ட்ரீம்11, சில ஆண்டுகளில் தினசரி வடிவத்துக்கு மாறியது. பதினொரு வீரர்களைக் குறிப்பிட்ட மதிப்புப் புள்ளிகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவருக்கு இரு மடங்கு, துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு புள்ளிகள். 2017-இல், 50,000 ரூபாய் செலுத்தி இழந்த ஒருவர் இது சூதாட்டம் எனப் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் இதைத் திறமை ஆட்டம் எனக் கூறி அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. இழந்தவர் தொடுத்த வழக்கே இத்தொழிலுக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பாக முடிந்தது. பம்பாய் (2019), ராஜஸ்தான் (2020) உயர் நீதிமன்றங்களும் இதே வழியில் சென்றன. 2020-இல் ட்ரீம்11 நிறுவனம் 222 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். தொடரின் தலைப்பு விளம்பரதாரர் ஆனது.

இலட்சக்கணக்கான அணிகள் மோதும் பெரும்போட்டிகளே இங்கு மக்களை ஈர்த்தன. சிறு கட்டணத்துக்குக் கோடி ரூபாய் முதல் பரிசு என்பது ஆட்டத்தைப் பரிசுச்சீட்டின் இயல்புக்கு அருகே கொண்டுசென்றது. ஒருவரே பல அணிகளை நுழைக்க முடிந்ததால், ஒரே ஓர் அணியோடு வந்தவரின் வாய்ப்பு இன்னும் குறைந்தது.

வரியும் சேர்ந்துகொண்டது. 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வரி பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் செலுத்தும் வைப்புத் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பல நிறுவனங்கள் இதைச் சலுகைத் தொகையால் ஈடுகட்டினாலும், வென்றால் வரி, தோற்றால் முழு நட்டம் என்ற நிலையில் இலாபத்துக்கான வாசல் மேலும் குறுகியது.

தமிழ்நாட்டில் இணைய விளையாட்டால் கடன்பட்டோரின் தற்கொலைகள் ரம்மியை ஒட்டியே பெரிதும் பேசப்பட்டன. 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அவ்விரண்டையும் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஆடுபவர் குற்றவாளியாகக் கருதப்படவில்லை. ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது.

மதிப்பீடு

சாதாரண ஆட்டக்காரருக்கு இலாபம் இயலாதது அன்று. பத்தில் ஒருவர் நட்டமின்றி வெளியேறியதை நியூயார்க் கணக்கே காட்டுகிறது. ஆனால் ஒரு மாதமோ ஒரு பருவமோ மிச்சம் பார்ப்பது வேறு, தொடர்ந்து ஈட்டுவது வேறு. முன்னது அதிர்ஷ்டத்தாலும் கிட்டும். பின்னதற்கு முதல், நேரம், நிரல் மூன்றும் தேவை. அவை மூன்றும் உள்ளவர் சாதாரண ஆட்டக்காரராக இருப்பதில்லை.

1980-இல் நண்பர்கள் கூடிய உணவக மேசையில் தோற்றவர், வென்ற நண்பரின் முகத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னே இருப்பவர் யார், அவர் எத்தனை அணிகளோடு வந்திருக்கிறார் என்பது தெரியாமல் போனதே தினசரி வடிவம் கொண்டுவந்த பெரிய மாற்றம். தடை நீங்கினாலும் நீடித்தாலும், வேறு பெயரில் இதே ஆட்டம் மீண்டும் வந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி “எனக்குக் கிரிக்கெட் எவ்வளவு தெரியும்?” என்பதன்று. “என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள், கழிவையும் வரியையும் ஈடுகட்டும் அளவுக்கு, எதிரே இருக்கிறார்களா?” என்பதே. அதற்கு உறுதியான விடை சொல்ல முடியாதவர், செலுத்தும் கட்டணத்தைப் பொழுதுபோக்குச் செலவாகக் கருதுவதே சரியான கணக்கு.